வீட்டுப் பட்டறை: மோட்டார் பூட்டிய சைக்கிளும் அதன் மின்பழுதுகளும்

சென்ற திங்கள் இப்பகுதியில் மின்விசிறியின் கண்டென்சரைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர்கள் சிலர் சங்க நூலகத்திலே நம்மைக் கண்டு, "இப்பொழுது பிள்ளைகள் பழைய சைக்கிளில் மோட்டாரைப் பூட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். அது வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று எழுதக்கூடாதா?" என்று கேட்டனர். கேட்டது நியாயமே. நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய சைக்கிள்கள் பெருகி வருகின்றன. சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அமைந்த மோட்டார், கண்ட்ரோலர் என்னும் ஆளும் பெட்டி, பாட்டரி ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி, விடுமுறை நாள் ஒன்றிலே பூட்டிவிடுகிறார்கள். பூட்டுவது எளிது, பழுது நேர்ந்தபின் அஃது எங்கே இருக்கிறதென்று அறிவதுதான் அரிது.

நேயர்களுக்கு அறிவுரை கூறப் புகுமுன், நாம் செய்த பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தாராவியில் வாழும் நெல்லைச் சீமை அன்பர் ஒருவர், விடியுமுன் இட்லி அவித்து, எவர்சில்வர் பாத்திரத்தில் அடுக்கிச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு, சயான், மாட்டுங்காப் பக்கங்களிலே விற்று வருபவர். அண்ணாச்சி என்றே அனைவரும் அழைப்பர். இரண்டாண்டுகளாக அவருக்கு முழங்கால் வலி. பாலிடெக்னிக்கில் படிக்கும் அவர் மகன், தந்தையின் துன்பம் காணப் பொறாமல், 36 வோல்ட் பாட்டரியும் 250 வாட் மோட்டாரும் வாங்கி முன்சக்கரத்தில் பொருத்தினான். அண்ணாச்சியின் காலைப்பொழுது எளிதாயிற்று.

ஆடி மாத மழையிலே ஒருநாள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, சைக்கிள் இரண்டு மூன்று முறை குலுங்கி உதறிவிட்டு நின்றது. பின்னே முழுப் பாத்திரம். அண்ணாச்சி பெடலை மிதித்தே சென்றார். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் உண்டு செல்லும் வாடிக்கையாளர்கள் அதற்குள் போய்விட்டிருந்தனர். பாதி இட்லி மீந்தது.

அன்று மாலை தந்தையும் மகனும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தனர். பாட்டரியை அளந்தோம், 40 வோல்ட் காட்டியது. முன்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினோம்; விட்டுவிட்டு இறுகி நின்றது. "தம்பி, கண்ட்ரோலர் எரிந்துபோயிற்று. புதிது வாங்கு" என்றோம். நாற்பதாண்டுகள் கருவிப் பட்டறையில் பணிசெய்தவரின் சொல்லாயிற்றே என்று, அவனும் மறுநாளே வாங்கிப் பூட்டினான். கைப்பிடியை ஒருமுறை முறுக்கியதும் புதிய பெட்டியிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. ஒரு வாரத்து வருவாய் ஒரு நொடியிலே போயிற்று.

அப்பொழுதுதான், முதல்நாளே செய்திருக்க வேண்டியதை நாம் செய்தோம். கண்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் மூன்று தடித்த ஒயர்களையும் கழற்றிவிட்டு, சக்கரத்தை மீண்டும் பின்னோக்கிச் சுற்றினோம். அப்பொழுதும் இறுக்கம் நீங்கவில்லை. எனவே குற்றம் மோட்டார்ப் பக்கத்தில் இருந்தது. கண்ட்ரோலர் அதனால் இறந்ததேயன்றித் தானாக இறக்கவில்லை. அச்சின் நட்டைக் கழற்றிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்பொழுது, அதே விசையோடு தன் அச்சைப் பின்னே திருக முயலும். அந்த அச்சு சுழலாதபடி பிடித்துக்கொள்ள, பல்லுள்ள வாஷரோ, ஃபோர்க்கோடு பிணைக்கும் இரும்புப் பட்டையோ வேண்டும். பையன் வாஷரைப் போடாமல் விட்டிருந்தான். அச்சு சிறிது சிறிதாகத் திரும்பி, தன் துளை வழியே வெளிவரும் ஒயரை முறுக்கி அறுத்திருந்தது. மஞ்சள் ஒயரின் செம்பும் பச்சை ஒயரின் செம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

இரண்டாவது கண்ட்ரோலரின் விலையை நாம் ஏற்பதாகக் கூறினோம். "அதெல்லாம் வேண்டாம் சார், நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார் அண்ணாச்சி. வெகுநேரம் வற்புறுத்தியபின் பாதிக்கு இசைந்தார். அவ்வாறு கற்ற பாடத்தையே முறைப்படுத்தி ஈண்டு எழுதுகிறோம்.

மோட்டார் சைக்கிளின் மின்னோட்டம் ஒரு வழியே செல்லும் ஊர்வலம் போன்றது. பாட்டரியிலிருந்து பியூஸ், சுவிட்சு வழியாகக் கண்ட்ரோலருக்கு வரும். கைப்பிடியில் உள்ள ஆக்ஸிலரேட்டர் சொல்லும் அளவுக்கேற்ப, கண்ட்ரோலர் அதனை மூன்றாகப் பகுத்து, மூன்று தடித்த ஒயர்களின் வழியே மோட்டாரின் சுருள்களுக்கு முறைவைத்து அனுப்பும். எந்தச் சுருளுக்கு எப்பொழுது அனுப்புவது என்பதை மோட்டாருக்குள் இருக்கும் மூன்று ஹால் உணரிகள் அறிவிக்கும். காந்தப் புலத்தை உணர்த்தும் இவ்விளைவை 1879ஆம் ஆண்டில் எட்வின் ஹால் என்னும் அமெரிக்கர், தாம் ஆராய்ச்சி மாணவராயிருந்தபோது கண்டறிந்தார். அவர் பெயரே உணரிக்கும் வழங்குகிறது. வழி இதுவாதலின், சோதனையும் பாட்டரியில் தொடங்கி இவ்வரிசையிலேயே செல்லவேண்டும். ஐயம் எழுந்த இடத்துக்குத் தாவுவது கூடாது.

வேண்டிய கருவி ஒன்றே: மல்டிமீட்டர். லாமிங்டன் சாலையில் எளிய விலைக்குக் கிடைக்கும். அதன் குமிழை நேர்மின்னோட்ட 200 வோல்ட் நிலையில் வைக்கவேண்டும். சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையில் செருகப்பட்டிருத்தல் ஆகாது. அந்நிலையில் பாட்டரியைத் தொட்டால் அது நேர்க்குறுக்கு இணைப்பாகிப் பொறி பறக்கும். கைக்கடிகாரம், மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைத்தல் நலம். முன்சக்கரம் தரையைத் தொடாதபடி சைக்கிளைத் தூக்கி நிறுத்துக. ஒயர் எதனையும் கழற்றுமுன் பாட்டரியை நீக்குக; நீக்கிய பின்பும் கண்ட்ரோலரினுள் உள்ள கண்டென்சர் சிறிதுநேரம் மின்னேற்றம் தாங்கியிருக்குமாதலின் சற்றுப் பொறுத்திருக்க.

முதலாவது, பாட்டரி. 36 வோல்ட் லித்தியம் பாட்டரி என்பது பத்துக் கலத் தொகுதிகள் வரிசையாய் இணைந்தது. ஒவ்வொன்றும் முழு ஏற்றத்தில் 4.2 வோல்ட், ஆகவே மொத்தம் 42 வோல்ட். ஏறத்தாழ 30 வோல்ட்டுக்கு இறங்கும்பொழுது அது தீர்ந்ததென்று கொள்ளலாம். முனைகளில் ஒன்றுமே காட்டாவிடில், பாட்டரி இறந்ததென்று உடனே முடிவுகட்ட வேண்டா. உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காவற்பலகை ஏதோ ஒரு தீங்கைக் கண்டு வழியை அடைத்திருக்கலாம். உரிய சார்ஜரில் இணைத்தால் பலமுறை அது மீளும். மீண்டும் மீண்டும் அடைத்தால், காவலன் கூச்சலிடுவதற்குக் காரணம் உண்டென்று அறிந்து, வல்லாரிடம் காட்டுக. அப்பலகையை ஒதுக்கிவிட்டு நேரே ஒயர் கொடுப்பது பெருந்தீங்கு.

இரண்டாவது, சுமையேற்றிய நிலை. நின்ற நிலையில் 40 வோல்ட் காட்டும் பாட்டரி, மேட்டில் ஏறும்பொழுது திடீரெனத் தாழ்ந்து அணைந்துவிடுவதுண்டு. மீட்டரைப் பாட்டரி முனையிலே பொருத்திக்கொண்டு, முன்பிரேக்கைச் சற்றே அழுத்தியபடி ஒருவர் சில நொடிகள் மோட்டாரை ஓட்ட, மற்றொருவர் அளவைக் காணவேண்டும். பிரேக் பிடியில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு இருப்பின் அதன் இணைப்பை அப்பொழுது மட்டும் கழற்றி வைக்கவேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் குறைவது இயல்பு. ஐந்தாறு வோல்ட் சரிந்தால் கலத் தொகுதி ஒன்று நலிந்திருக்கிறது.

மூன்றாவது, இணைப்புகள். பாட்டரி முனையில் அளவு சரியாயிருந்து, கண்ட்ரோலரின் வாயிலில் குறைந்திருந்தால், இடையிலுள்ள கனெக்டரோ, பியூஸோ, சுவிட்சோ குற்றமுடையது. சிறு தளர்ச்சிதானே என்று இகழலாகாது. கணக்கைப் பாருங்கள்: தளர்ந்த இணைப்பொன்றின் மின்தடை 0.1 ஓம் என்றும், மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கிறதென்றும் கொள்வோம். அவ்விடத்தில் 1.5 வோல்ட் இழப்பாகிறது, 22.5 வாட் வெப்பம் பிறக்கிறது. வீட்டிலே ரேடியோ பழுதுபார்க்கும் சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பமும் ஏறத்தாழ இவ்வளவே. பிளாஸ்டிக் கனெக்டருக்குள் அதனைச் சொருகி வைத்ததற்கு இது நிகர். ஓட்டி நிறுத்திய பின் கனெக்டரின் மேற்புறத்தைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். சுடுமாயின், நிறம் மாறியிருக்குமாயின், மாற்றிவிடுக. ஒயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது நம் மழைக்காலத்துக்கு ஒவ்வாது. கனெக்டரின் வாய் கீழ்நோக்கியிருக்கவும், ஒயர் ஒருமுறை தாழ்ந்து வளைந்து பின் மேலேறவும் கட்டினால், மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.

நான்காவது, பிரேக் சுவிட்சு. பல சைக்கிள்களில் பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு கைப்பிடியில் இருக்கும். மழையில் அது துருவேறிச் சிக்கிக்கொண்டால், பிரேக் என்றும் பிடித்திருப்பதாகவே கண்ட்ரோலர் கருதும். யாவும் நலமாயிருந்தும் மோட்டார் அசையாது. அதன் சிறு கனெக்டரைக் கழற்றிவிட்டு முறுக்கிப் பார்க்க. ஓடினால் குற்றம் அங்கேயே. ஒரு காசும் செலவில்லாத சோதனையாதலின் இதனை மறவாதீர்கள்.

ஐந்தாவது, ஆக்ஸிலரேட்டர். அதற்குப் பெரும்பாலும் மூன்று ஒயர்கள்: சிவப்பு, கறுப்பு, அளவு சொல்லும் ஒயர். பாட்டரியை இணைத்துச் சுவிட்சைப் போட்டபின், கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே ஏறத்தாழ 5 வோல்ட் இருத்தல் வேண்டும். கறுப்புக்கும் மூன்றாவதற்கும் இடையே, முறுக்காதபோது 1 வோல்ட் அளவும், முழுதும் முறுக்கும்பொழுது 3.5 முதல் 4 வோல்ட் வரையும் படிப்படியாக ஏறவேண்டும். 5 வோல்ட்டே இல்லையெனில் கண்ட்ரோலரோ, அதே 5 வோல்ட்டைப் பங்கிடும் வேறோர் ஒயரின் குறுக்கு இணைப்போ காரணம். 5 வோல்ட் இருந்தும் மூன்றாவது அசையாவிடில் ஆக்ஸிலரேட்டரை மாற்றுக.

ஆறாவது, நாம் தவறவிட்ட சோதனை. பாட்டரியை நீக்கி, மூன்று தடித்த ஒயர்களைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஒன்றையொன்று தொடாமல் வைத்துச் சக்கரத்தைச் சுற்றுக. பற்சக்கரமுள்ள சிறு மோட்டாராயின் பின்னோக்கியே சுற்றவேண்டும். முன்னோக்கிச் சுற்றினால் உள்ளே மோட்டார் சுழலாதாகையால் ஒன்றும் புலப்படாது. அண்ணாச்சி அன்று பெடலை மிதித்துச் செல்ல முடிந்ததும் இதனாலேயே. ஒயர்களைக் கழற்றியதும் இறுக்கம் நீங்கினால் கண்ட்ரோலர் எரிந்திருக்கிறது. நீங்காவிடில் மோட்டாரிலோ, அதன் ஒயரிலோ குறுக்கு இணைப்பு இருக்கிறது. அதனைத் தீர்க்காமல் புதிய கண்ட்ரோலர் பூட்டலாகாது. நலமுள்ள மோட்டாரில் ஏதேனும் இரண்டு ஒயர்களின் நுனியைச் சேர்த்தால் சக்கரம் இறுகும், பிரித்தால் எளிதாகும். மூன்று இணைகளும் ஒரே அளவில் இறுகவேண்டும். மல்டிமீட்டரின் ஓம் அளவு ஈண்டு உதவாது. சுருளின் மின்தடை மிகச் சிறிதாதலால் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலவே காட்டும். கை உணர்வே சிறந்த கருவி.

ஏழாவது, ஹால் உணரிகள். மோட்டார் முனகி நடுங்கி நிற்பதும், காலால் தள்ளிவிட்டபின் ஓடுவதும் இவற்றின் பழுதுக்கு அடையாளம். ஐந்து மெல்லிய ஒயர்களில் சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட்டைக் கொண்டுவருவன. மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் செய்தி சொல்வன. கனெக்டர் இணைந்திருக்கும்பொழுதே, கறுப்புக்கும் இம்மூன்றில் ஒவ்வொன்றுக்கும் இடையே மீட்டரை வைத்து, சக்கரத்தை மெல்லப் பின்னோக்கிச் சுற்றுக. அளவு சுழியத்துக்கும் 5 வோல்ட்டுக்குமாக மாறிமாறி வரவேண்டும். மாறாமல் நிற்கும் ஒயரின் உணரி கெட்டது. அல்லது அவ்வொயர் அறுந்தது.

இவ்வேழும் நலமாயிருந்து வண்டி ஓடாவிடில் மட்டுமே, எட்டாவதாகக் கண்ட்ரோலரைக் குற்றம் சாட்டலாம். நாம் எட்டாவதை இரண்டாவதாக்கினோம். அதுவே நம் பிழை.

அண்ணாச்சியின் மோட்டாரைத் திறந்து, அச்சின் வழியே புதிய ஒயர் கோத்துப் பற்றவைத்தோம். வாஷரோடு இரும்புப் பட்டை ஒன்றும் போட்டு ஃபோர்க்கோடு பிணைத்தோம். மறுநாள் காலை ஓடிற்று.

இத்துடன் முடித்திருப்போம். ஆனால் வண்டியை ஒப்படைக்க அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது கண்டதொன்றை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை. ஓரறையும் மேலே பரணும் உள்ள வீடு. ஏறி இறங்க ஒரே செங்குத்தான ஏணி. அந்த ஏணியின் அடியில், வாசலுக்கு அருகே, பாட்டரி சார்ஜரில் இருந்தது. "எப்பொழுது ஏற்றுவீர்கள்?" என்று கேட்டோம். "ராத்திரிதான் சார், படுக்கப்போகும்போது மாட்டிருவேன்" என்றான் பையன். பரணிலே அவன் பாட்டியும் இரண்டு தங்கைகளும் உறங்குவார்கள்.

லித்தியம் பாட்டரி தீப்பற்றுவது நாள்தோறும் நிகழ்வதன்று. ஆனால் பற்றினால் மிக விரைவாகப் பரவும்; நச்சுப்புகை எழும்; ஒரு கலத்தின் வெப்பம் அடுத்த கலத்தைப் பற்றவைக்கும். வாசலில் பற்றினால் உள்ளிருப்போர்க்கு வெளியேறும் வழியில்லை. ஆகவே வழியில் வைத்து ஏற்றவேண்டா. உறங்கும்பொழுது ஏற்றவேண்டா. துணி, மெத்தை, அடுப்பு, எண்ணெய் ஆகியவற்றுக்கு அருகே வேண்டா. சிமெண்டுத் தரையோ கல்லோ நன்று. அப்பாட்டரிக்கு உரிய 42 வோல்ட் சார்ஜரே வேண்டும். ஈய அமிலப் பாட்டரிக்குரியது ஆகாது. ஓட்டி வந்தவுடன் சூடாயிருக்கையில் ஏற்றாமல் ஆறவிடுக. கீழே விழுந்து நசுங்கிய, உப்பிய, நீர் புகுந்த, புதுமணம் வீசும் பாட்டரியை வீட்டுக்குள்ளே கொண்டுவரவே வேண்டா. பழைய மடிக்கணினிக் கலங்களைச் சேர்த்துப் பாட்டரி கட்டும் முயற்சியையும் இளைஞர்கள் கைவிடுக. வெவ்வேறு வயதுடைய கலங்கள் ஒன்றாய் உழைக்கமாட்டா. பற்றவைக்கும் சூடும் கலத்துக்குக் கேடு.

"அப்ப எப்போ சார் ஏத்துறது?" என்று அண்ணாச்சி கேட்டார். கேள்வி சரியானது, பிழைப்புக்கு வண்டி வேண்டுமே. கணக்கிட்டுப் பார்த்தோம். அவருடைய பாட்டரி 10 ஆம்பியர் மணி. சார்ஜர் 2 ஆம்பியர். ஐந்தாறு மணிநேரம் போதும். அவர் விற்றுத் திரும்புவது பதினொரு மணிக்கு. ஒரு மணிநேரம் ஆறவிட்டு, பன்னிரண்டுக்கு மாட்டினால், வீட்டில் ஆள் விழித்திருக்கும்பொழுதே, ஆறு மணிக்குள் நிறைந்துவிடும். அரிசி, உளுந்து ஆட்டும் வேலையும் அந்நேரத்தில்தான், யாரேனும் அருகிலிருப்பர். இடமும் பின்சுவர் ஓரத்துக்கு மாறிற்று.

இறுதியாக ஒரு சொல். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும், மற்றும் சில வரம்புகளும் உடைய மின்சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. வேகத்தைத் தடுக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு விரைந்தோட்டும் பிள்ளைகள், பதிவில்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுவதாகவே சட்டம் கொள்ளும் என்பதைப் பெற்றோர் எடுத்துரைக்க வேண்டும். சைக்கிளுக்கென அமைந்த பிரேக்கும் அவ்வேகத்தைத் தாங்காது.

அண்ணாச்சியின் மகன் மேற்கண்ட எட்டுச் சோதனைகளையும் ஓர் அட்டையில் எழுதி, பாட்டரிப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறான். ஆறாவதன் கீழே இரண்டு கோடுகள் இட்டிருக்கிறான். நேயர்களும் அவ்வாறே செய்யலாம்.

அடுத்த திங்கள், தண்ணீர் பம்பு மோட்டார் ஓடியும் நீர் ஏறாமைக்குரிய காரணங்களை ஆராய்வோம். ஐயமுள்ள அன்பர்கள் வழக்கம்போல் சங்க நூலகத்தில் ஞாயிறு மாலை நம்மைக் காணலாம். சைக்கிளைக் கொண்டுவருவோர் பாட்டரியைக் கழற்றிக் கொண்டுவருக.